புயல் பத்திரமும் கடைசி விக்கெட்டும்

பெர்முடாவில் பகடை உருட்டிச் சூதாட ஆண்டுக்கு இரண்டே இரண்டு நாள்தான் அனுமதி. கப் மேட்ச் நடக்கும் அந்த இரண்டு நாளும் கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் கூடாரம் போட்டு, கிரீடமும் நங்கூரமும் வரைந்த துணியை விரித்து, பாதிரியாரின் மனைவி பார்த்துக்கொண்டிருக்கவே நோட்டு நோட்டாக வைத்து ஆடலாம். மூன்றாம் நாள் அதே துணியை விரித்தால் போலீஸ் வந்து நிற்கும். ஆனால் ஹாமில்டன் நகரத்துக் கண்ணாடி மாடிகளில் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாட்டை எந்தப் புயல் பிய்த்து எறியும் என்று பந்தயம் கட்டுவதற்கு ஆண்டு முழுவதும் எந்தத் தடையும் கிடையாது. அதைச் சூது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பேரிடர்ப் பத்திரம் என்று பெயர்.

எல்டீன் பாஸ்கமுக்கு அந்தப் பத்திரங்களோடுதான் பிழைப்பு. பத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி தேவை. கம்பெனி என்றதும் ஆட்களையும் மேசை நாற்காலிகளையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பெயர், வாசலில் ஒரு பித்தளைத் தகடு, எப்போதாவது ஒரு கூட்டம், அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் கூட்டமும் முடிந்துவிடும். இப்படிப்பட்ட கம்பெனிகளைக் கட்டி மேய்க்கும் அலுவலகம் ஒன்றில் எல்டீன் மூத்த செயலாளர். வாசலில் தகடு பதிக்கச் சுவரில் இடம் போதாமல் மாடிப்படியோரமும் பதித்திருந்தார்கள். அதில் ஒன்று லோக்வாட் ரீ. ரீ என்றால் மறுகாப்பீடு, காப்பீட்டுக்கே காப்பீடு. லோக்வாட் என்பது அந்த ஊர் வேலியோரங்களில் காய்த்துத் தொங்கும் புளிப்பு மஞ்சள் பழம். இந்த மாதிரிக் கம்பெனிகளுக்குப் பழம், பறவை, பூ என்று பார்த்துப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். பிணந்தின்னிக் கழுகு ரீ என்று எவனும் வைத்ததில்லை.

லோக்வாட் ரீயின் வேலை இதுதான். தெற்கே கரீபியக் கடலில் செயின்ட் ஆர்வன் என்று ஒரு சின்னத் தீவு. வாழை, ஜாதிக்காய், கொஞ்சம் சுற்றுலா. அந்த அரசாங்கம் கப்பம் கட்டுவதுபோல் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டிவந்தது. உலகத்தின் நாலாபக்கமும் உள்ள பணக்கார நிதிகள், வாத்தியார்களின் ஓய்வூதிய நிதி உட்பட, ஒரு பெருந்தொகையை லோக்வாட் ரீயின் பெட்டியில் போட்டுவைத்தன. மூன்று வருடத்துக்குள் இன்ன அளவு வலுவான புயல் தீவின்மேல் அடித்தால் பெட்டிப் பணம் தீவுக்கு. அடிக்காவிட்டால், போட்டவர்கள் முதலையும் கொழுத்த வட்டியையும் சேர்த்து வாரிக்கொண்டு போவார்கள். வலுவை அளப்பது காற்றழுத்த எண் ஒன்றே, அது ஒப்பந்தத்தில் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பெட்டி திறக்கும். எத்தனை கூரை போயிற்று, எத்தனை பேர் செத்தார்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

முந்தின வருடம் ஒரு புயல் செயின்ட் ஆர்வனின் வாழைத் தோட்டங்களை மொட்டையடித்துவிட்டுப் போயிற்று. எண் மட்டும் கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றுவிட்டது. பெட்டி திறக்கவில்லை. அந்தப் பத்திரத்தில் பெரும்பங்கை வாங்கி வைத்திருந்த நிதியின் தலைவன் ஹேவர்ட் டாரெல் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் தன் கையாலேயே ரம் ஊற்றிக் கொடுத்தான். "இயற்கை நம்ம பக்கம் இருக்குது பாத்தீங்களா?" என்றான். எல்டீனும் ஒரு குவளை வாங்கிக்கொண்டாள். டாரெலின் கம்பெனிகள்தான் அவள் அலுவலகத்துத் தகடுகளில் பாதி. குவளையை வாங்க மறுக்கிற வசதி அவளுக்கு இல்லை.

இந்த வருடம் இயற்கை கட்சி மாறிவிட்டது. கப் மேட்சுக்கு முந்தின நாள், புதன்கிழமை, செயின்ட் ஆர்வன்மேல் ஒரு புயல் ஏறி உட்கார்ந்து அரைத்துவிட்டுப் போயிற்று. எண் கோட்டுக்கு வெகு கீழே போய்விட்டது. எந்த வக்கீலாலும் வாய் திறக்க முடியாத அளவுக்குப் போயிற்று. பெட்டி தீவுக்குத்தான், சந்தேகமே இல்லை. பாக்கி ஒன்றே ஒன்றுதான். புயல் அடித்தது உலகத்துக்கே தெரிந்தாலும் லோக்வாட் ரீக்குத் தெரியாது. செயின்ட் ஆர்வன் அரசின் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கே கொண்டுவந்து செயலாளர் கையில் கொடுத்தால்தான் அதற்குத் தெரியவரும். ஒப்பந்தம் அப்படி. அதுவும் பத்திரத்தின் ஆயுள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். ஆயுள் முடிவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அந்த வெள்ளிக்கிழமை கப் மேட்சின் இரண்டாம் நாள். தேதி குறித்த நியூயார்க் வக்கீலுக்குக் கப் மேட்ச் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்த டாரெல் வாயைத் திறக்கவில்லை.

கப் மேட்ச் என்றால் சாமர்செட்டும் செயின்ட் ஜார்ஜும் மோதும் இரண்டு நாள் ஆட்டம். அந்த இரண்டு நாளும் ஊரில் கடை இல்லை, அலுவலகம் இல்லை, போலீஸ்காரன்கூட மைதானத்தில்தான் இருப்பான். கல்யாணத்தை, ஏன், சாவைக்கூடத் தள்ளிவைக்க முடியுமா என்று பார்க்கிற ஜனம். அந்த வருடம் ஆட்டம் தீவின் மேற்குக் கோடியில், சாமர்செட்டில் நடந்தது. எல்டீன் செயின்ட் ஜார்ஜ்காரி. வெளிர் நீலமும் கருநீலமுமாக உடுத்திக்கொண்டு, எதிரிக் கோட்டையில் அலுவலகக் கூடாரத்துக்குள் சிப்பிப் பணியாரம் பரிமாறிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது, ஆயிரக்கணக்கான வண்ணச் சட்டைகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டும் டையும் அணிந்த ஒருவர் வியர்த்து வழிந்தபடி உள்ளே வந்தார். எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் நின்று வணக்கம் சொன்னார். சொல்லாமல் பேச்சை எடுத்தால் பெர்முடாவில் மனிதனாக மதிக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் தியோபில் ஷார்லரி, செயின்ட் ஆர்வன் நிதித்துறையின் துணைச் செயலர். புயல் அடித்தபோது நியூயார்க்கில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்குத் திரும்ப விமானம் இல்லை, நிலையமே இல்லை. கடிதம் கொடுக்க வேண்டும் என்று யாரோ நினைவுபடுத்த, தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஹாமில்டனுக்கு ஓடிவந்திருந்தார். அலுவலகம் பூட்டிக் கிடக்கவே விசாரித்து விசாரித்து இங்கே வந்திருந்தார். அவரை முதலில் பார்த்தவன் டாரெல்.

"தியோ! என் தங்கமே! உயிரோட இருக்கியா?" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தான் டாரெல். இளஞ்சிவப்பு அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, கழுத்தில் சாமர்செட்டின் சிவப்பு நீலத் துண்டு. "டையைக் கழட்டுய்யா முதல்ல. இந்த வெயில்ல கழுத்துக்கு எதுக்குச் சுருக்கு?"

"சார், ஒரு கடிதம் கொடுக்கணும். லோக்வாட் ரீ செயலாளர்கிட்ட. ஆபீஸ் பூட்டியிருக்கு."

"பூட்டாம? இன்னிக்குக் கடவுளே ஆபீஸ் வரமாட்டார். உக்காரு. பணியாரம் சாப்பிடு."

"அஞ்சு மணிக்குள்ளன்னு போட்டிருக்குதே சார்."

"அதெல்லாம் வக்கீலுங்க வயித்துப் பொழைப்புக்கு எழுதுறது. நாம என்ன அந்நியமா? கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ஒண்ணா உக்காந்து குடிச்சோமே, மறந்துட்டியா? திங்கக்கிழமை காலைல நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் என் வீட்டுல தங்கு. ஜன்னலைத் திறந்தா கடல்."

கடல் என்ற சொல்லைக் கேட்டதும் தியோபிலின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. டாரெல் அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் ரம் கலந்த பானமும் திணித்துவிட்டான். தட்டை வாங்காமல் போனால் மரியாதைக் குறைவு. அவர் வாங்கிக்கொண்டார். உபசாரத்தால் கழுத்தறுக்கிற வித்தை டாரெல் பரம்பரைக்குக் கைவந்தது. கப்பல் வியாபாரம் செய்த காலத்திலிருந்தே அவர்கள் சிரித்துக்கொண்டேதான் கணக்குத் தீர்ப்பார்கள்.

எல்டீன் கரண்டியும் கையுமாக அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை வைத்து மீன் வறுத்த சட்டியைத் துடைக்கலாம், வேறொன்றுக்கும் ஆகாது. அவளுக்கும் தெரியும், டாரெலுக்கும் தெரியும். தெரியாதவர் அந்தக் கோட்டுக்காரர் ஒருவர்தான். அவள் தியாகி ஒன்றும் இல்லை. முதலில் அவள் நினைத்தது தன் வேலையை. டாரெல் தகடுகளைக் கழற்றிக்கொண்டு வேறு அலுவலகத்துக்குப் போனால் முதலில் தெருவுக்கு வருவது அவள்தான். அடுத்து நினைத்தது ஓய்வூதியத்தை. அலுவலகத்துச் சேமநிதியில் ஒரு துண்டை டாரெலின் நிதியில்தான் போட்டிருந்தார்கள். ஆக, அவளும் அந்தத் தீவின் கூரைமேல் பந்தயம் கட்டியவள்தான். இதையெல்லாம் நினைத்துவிட்டு இன்னும் இரண்டு பேருக்குப் பணியாரம் போட்டாள்.

அதற்குள் டாரெல் விருந்தாளியைச் சூதாட்டக் கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். கப் மேட்சில் அந்த இடத்தைப் பங்குச் சந்தை என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். எல்டீன் பின்னாலேயே போனாள். டாரெல் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தியோபில் கையில் கொடுத்து, நங்கூரத்தின்மேல் வைக்கச் சொன்னான். அவர் இடக்கையால் கோட்டுப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் வைத்தார். பகடையைக் குலுக்கிக் கவிழ்த்த குவளையைத் தூக்கியபோது மூன்றிலும் நங்கூரம். துணி விரித்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வைத்ததற்கு மூன்று பங்கு அந்தக் கணமே எண்ணித் தள்ளினார். கடிதம் எங்கே, எந்த அலுவலகம், எத்தனை மணிக்குள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுற்றி நின்றவர்கள் மேசையோடு அவரையும் தூக்கிக் கடலில் போட்டிருப்பார்கள்.

எல்டீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் சூதாடிக்கு இருக்கிற நாணயம்கூட நம் கண்ணாடி மாடிக்கு இல்லையே என்று காறித் துப்பலாம்போல் இருந்தது. மைதானத்தில் ஒரு விக்கெட் விழுந்து ஊரே கத்தியது. டாரெல் துண்டைச் சுழற்றிக்கொண்டு எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடினான். அந்த இடைவெளியில் அவள் தியோபிலிடம் போனாள்.

"வணக்கம். நான் எல்டீன் பாஸ்கம். லோக்வாட் ரீ செயலாளர் நான்தான்."

அவர் கை உடனே கோட்டுப் பைக்குள் போயிற்று. "அப்ப இந்தாங்கக்கா, இப்பவே—"

"இங்க வேண்டாம். இங்க வாங்கினா செல்லாது. ஆபீஸ்ல வெச்சுத்தான் வாங்கணும்."

"திங்கக்கிழமைன்னு டாரெல் சார்..."

"திங்கக்கிழமை லோக்வாட் ரீ செத்துக் கெடக்கும். பொணத்துகிட்டயா கடிதம் கொடுப்பீங்க?"

"கட்டிப்பிடிச்சாரேக்கா" என்றார்.

"அஞ்சு மணிவரைக்கும் பிடிச்சு வெச்சிருந்தா அவருக்குப் போதும். வாங்க."

வாங்க என்று சொல்லிவிட்டாளே தவிர, போவது எப்படி? மணி நாலாகப் போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் முந்தின நாளிலிருந்தே வண்டிகளை நிறுத்தி அடைத்து வைத்திருந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் பலகைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். விடுமுறை நாள் என்பதால் அடுத்த ஃபெர்ரி ஐந்து மணிக்கு மேல்தான். மைதானத்துக்குப் பக்கத்திலேயே மாங்குரோவ் குடாவில் வரிசையாகப் படகுகள் நின்றன. படகு இருந்து என்ன செய்ய? செயின்ட் ஜார்ஜில் மூன்று பேர்தான் மிச்சம், இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் எப்படியும் முடிந்துவிடும். அந்த நேரத்தில் படகை எடுக்கிறவன் இந்தத் தீவில் பிறந்திருக்க முடியாது.

அவளுக்குத் தெரிந்து படகு உள்ளவன் தங்கை புருஷன் ஆஸ்மண்ட். குழாய் வேலை, ஓய்வு நேரத்தில் மீன்பிடி, சாமர்செட் வெறியன். மனைவி பிரசவ அறையில் கிடக்க, வாசலில் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன். கடைசி விக்கெட் என்று ஒன்றை அவன் தவறவிட்டதே இல்லை. முன் வரிசையில் முகத்தில் சிவப்பும் நீலமும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆஸ்மண்ட், படகை எடு. இவரை ஹாமில்டன்ல கொண்டுபோய் விடணும்."

"அண்ணி, உங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு. நிழலா உக்காருங்க."

"விளையாடாதே. அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல இருக்கணும்."

"உங்க ஆளுங்க தோக்குறதைப் பாக்கச் சகிக்கல, அதுக்காக என்னையும் கெளப்புறீங்க. நான் என்ன கேனையனா? ஏய், பந்தை மேல குத்தி எறிடா! தூங்காதே!"

இரண்டாவதாகக் கத்தியது பந்து வீச்சாளனைப் பார்த்து. எல்டீன் பத்திரம், பெட்டி, ஐந்து மணி எல்லாவற்றையும் அவன் காதில் கொட்டினாள். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. தியோபில் அவளை விலக்கிவிட்டு அவன் முன்னால் போய் நின்று, முறைப்படி வணக்கம் சொன்னார். ஆஸ்மண்ட் எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தான்.

"புயல் அடிச்ச ஊரா? எத்தனை கூரை போச்சு?"

"நிக்கிறது எத்தனைன்னு கேளுங்கண்ணே. அதுன்னா எண்ணிடலாம்."

"அப்ப தண்ணி?"

"கூரைல பிடிக்கிறதுதானே எங்களுக்குத் தண்ணி. தொட்டியெல்லாம் சேறும் ஓடுமா கெடக்கு. ஆஸ்பத்திரிலயும் அதான். பச்சப் புள்ளைங்களுக்குப் பால் கரைக்கக் கடைத் தண்ணிய ஹெலிகாப்டர்ல எறியறாங்களாம். என் சம்சாரம் நேத்து ராத்திரிதான் பேசினா. உடனே லைன் போயிடுச்சு."

பெர்முடாவில் ஒவ்வொரு வீடும் தன் வெள்ளைக் கூரையில் விழும் மழையைத்தான் குடிக்கிறது. கூரை போனால் வீட்டில் குடிக்கச் சொட்டு இல்லை என்பதை ஆஸ்மண்டுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் மைதானத்தைப் பார்த்தான். தியோபிலைப் பார்த்தான். பிறகு எல்டீனின் குடும்பத்தையும், ஹாமில்டனில் உள்ள அத்தனை கம்பெனிகளையும், புதிதாக மட்டை பிடிக்க வந்தவனின் பாட்டனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே எழுந்தான்.

"எங்கடா போறே?" என்று பின்வரிசை அலறியது. சாமர்செட்காரன் ஒருவன் இந்த நேரத்தில் எழுந்து போகிறான் என்றால் மாரடைப்பாகத்தான் இருக்கும் என்று ஒருத்தி தண்ணீர்கூட நீட்டினாள்.

படகு குடாவை விட்டுக் கிளம்பும்போது அடுத்த விக்கெட் விழுந்த சத்தம் கேட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஆஸ்மண்ட் இயந்திரத்தை முடுக்கினான். வானொலியைப் போட்டான். இரைச்சலில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அலை எகிறித் தியோபிலின் கோட்டு தெப்பலாக நனைந்தது. கடிதம் நனைந்துவிடும் என்று எல்டீன் கத்தினாள். ஆஸ்மண்ட் மீன் இரை வைக்கும் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அரசாங்கக் கடிதம் நெத்திலி வாடையோடு பயணம் போயிற்று. துறைமுகத்துக்குள் மெதுவாகப் போக வேண்டும் என்பது சட்டம். பிடிப்பதற்கு ஒரு போலீஸ்காரனும் இல்லை. ஆஸ்மண்ட் சட்டத்தைச் சட்டை செய்யவில்லை.

கரைக்கு வந்து கயிற்றை வீசுகிற நேரத்தில் துறைமுகத்தில் நின்ற படகுகளெல்லாம் ஒன்றாக ஊதின. கடைசி விக்கெட் விழுந்துவிட்டது. சாமர்செட் ஜெயித்துவிட்டது. ஆஸ்மண்ட் கயிற்றைப் பிடித்தபடியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்படி விழுந்துச்சோ," என்றான். "போல்டா, கேட்சா?"

கேட்டுச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்டீனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நின்று ஆறுதல் சொல்ல நேரமில்லை. தியோபிலை இழுத்துக்கொண்டு ஓடினாள், தன் சாவியால் அலுவலகக் கதவைத் திறந்தாள், தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கிக்கொண்டே அவருக்கு முறையாக ஒரு வணக்கம் சொன்னாள். அவரும் சொன்னார். கடிதத்தை நீட்டினார். ஐந்து அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டாள். தியோபில் நனைந்த கோட்டோடு தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போது அவள் கைபேசி அடித்தது. டாரெல். பின்னணியில் மேளச் சத்தம்.

"எல்டீன்! ஊத்திக்கிச்சா உங்களுக்கு? நடு ஸ்டம்பு எகிறிப் பறந்துச்சு பாரு! நான் ஆடுன ஆட்டத்துல காலுறையே கிழிஞ்சு போச்சு! எங்க போய் ஒளிஞ்சிக்கிட்டே?"

"ஆபீஸ்ல இருக்கேன் சார்."

"எங்க?"

"ஆபீஸ்ல. செயின்ட் ஆர்வன் கடிதம் வந்துச்சு. வாங்கி முத்திரை குத்திட்டேன். இன்னும் அஞ்சு ஆகல."

அத்தனை பெரிய பணம் கை நழுவியது. டாரெல் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"எவன் வண்டி எடுத்தான்?" என்றான். "கடைசி விக்கெட் நேரத்துல எவன் எடுத்தான்?"

"வண்டி இல்ல சார், படகு. என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"செயின்ட் ஜார்ஜ் ஆளா?"

"சாமர்செட்."

"பொய் சொல்லாதே" என்றான் டாரெல். உண்மையிலேயே அவனால் நம்ப முடியவில்லை. தியோபில் கூடாரத்தில் இல்லை என்று யாரோ அவனிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். எங்கே போய்விடுவான், இந்த நேரத்தில் எவன் கிளம்புவான் என்று சிரித்துவிட்டு ஆட்டம் பார்த்திருக்கிறான். எல்டீனின் முதலாளிக்கு ஒரு போன் போட்டு, அலுவலகத்தை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்ல வைத்திருந்தாலே போதும். அதற்கு ஒரு பந்தைத் தவறவிட்டிருக்க வேண்டும். டாரெலும் பெர்முடாக்காரன்தானே, விடவில்லை. "உன் ஓய்வூதியமும் அந்தப் பெட்டிலதான் இருந்துச்சு, தெரியுமாடி?" என்றான் கடைசியில்.

"தெரியும் சார். கப் ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். விடுமுறை நாளில் அலுவலகத்தைத் திறக்க யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். வேலைநீக்கக் கடிதம் தயார் என்று வரவேற்பறைப் பெண் கண்ணைக் காட்டினாள். வக்கீல்கள் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. பெட்டி திறந்தது, பணம் செயின்ட் ஆர்வனுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் மெச்சி எழுதின. பெட்டி திறக்கவே திறக்காது, எல்லாம் ஏமாற்று என்று ஒதுங்கியிருந்த அரசாங்கங்கள், அட, கொடுக்கத்தான் கொடுக்கிறார்கள் என்று வரிசையில் வந்து நின்றன. வட்டி இனி ஏறும் என்று பணக்கார நிதிகள் மோப்பம் பிடிக்க, போன பணத்தைவிடப் பெரிய பணம் டாரெலிடம் வந்து குவிந்தது. எல்டீனின் வேலைநீக்கக் கடிதம் காணாமல் போயிற்று. முதலாளி பூங்கொத்து கொடுத்தார்.

மறு வருடம், புயல் பருவத்துக்கு முன்னால், இந்தத் தொழிலில் இருப்பவர்களின் மாநாடு ஹாமில்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. எல்டீனை முன் மேசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் தியோபில். சாயங்காலம் அவர் புதுப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்மண்டை யாரும் அழைக்கவில்லை. டாரெல் மேடையேறினான். புதுக் காலுறை.

"அன்னிக்குக் கப் மேட்ச். கடைசி விக்கெட் நேரம். நம்ம தியோ நனைஞ்ச கண்ணோட வந்து நிக்கிறான். நான் ஒரு நிமிஷம் யோசிக்கல. எடுங்கடா படகைன்னேன். நானே கூடப் போனேன்." குரல் தழுதழுத்தது. "அந்தக் கடைசி விக்கெட்டை இன்னிவரைக்கும் நான் பாக்கல. பாக்கவும் வேண்டாம். அந்த ஜனங்களோட கூரை பெருசா, என் விக்கெட் பெருசா?"

வெளிநாட்டுக்காரர்கள் நாகரிகமாகக் கை தட்டினார்கள். பெர்முடாக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பணம் கொடுத்ததற்காக எவனும் எழுந்திருக்கமாட்டான். கடைசி விக்கெட்டை விட்டான் என்றதும் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பணத்தைத் திருடினாலும் எல்டீன் பொறுத்துக்கொள்வாள். அந்த மனுஷன் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்த இருப்பையே இந்தப் பயல் திருடிவிட்டான். திரும்பிப் பார்த்தாள். தியோபில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களுமா?" என்றாள்.

"எழுந்திருங்கக்கா." முகத்தில் சிரிப்பு மாறாமல், தட்டுவதையும் நிறுத்தாமல் சொன்னார். "புதுப் பத்திரத்துக்கு நாங்க கட்டுற விலை இன்னும் முடிவாகல."

"ஏற்கனவே ரெண்டு மடங்கு ஏத்திட்டானே!"

"மூணு ஆக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போன பணம் தண்ணித் தொட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்குமே சரியாப் போச்சு. ஆஸ்பத்திரிமேல இன்னும் தார்ப்பாய்தான் கெடக்கு. அடுத்த மாசம் காத்து ஆரம்பிச்சிடும். தயவுசெஞ்சு எழுந்திருங்கக்கா, அவன் இந்தப் பக்கம்தான் பாக்குறான்."

டாரெல் பார்த்தான். சிரித்தான். எல்டீன் எழுந்து நின்று, அந்தத் திருட்டுப் பயலுக்குத் தன் உள்ளங்கை வலிக்க வலிக்கக் கை தட்டினாள்.